தண்ணீர்த் திருடனின் மீசை

மே 4

எங்கள் பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி காலை ஏழுக்கே காலி; யாரோ திருடுகிறார்கள். விடுவேனா? பழைய காலத்துப் புரட்சிச் சுவரொட்டி போலப் படம் போடச் சொல்லி ஏஐக்கு ஆணையிட்டேன். ரத்தச் சிவப்பு வானம். குடங்களை உயர்த்திய மக்கள் படை. நடுவில், ஓஸ் பைப்போடு பதுங்கும் தண்ணீர்த் திருடன். அவனுக்கு என் கல்யாணப் போட்டோ முகத்தையே கொடுத்தேன். திருடனென்றாலும் திருநின்றவூரே மயங்க வேண்டாமா? சுருட்டை முடி, முறுக்கு மீசை. அடடா!

மே 5

கேட்டில் ஒட்டியாயிற்று. சங்கச் செயலாளர் பரந்தாமன், "அண்ணாத்தே, நீ எங்கியோ இருக்க வேண்டிய ஆளு" என்றார். உலகப் புரட்சிகளெல்லாம் என் முன் கைகட்டி நின்றன.

மே 7

"இது நம்ம தங்கவேலு மாரியே கீது" என்றாளாம் கீழ்வீட்டு ரேணுகா. தங்கவேல் எங்கள் பிளம்பர். அவனுக்கும் சுருட்டை முடி, முறுக்கு மீசை. விழுந்து விழுந்து சிரித்தேன்.

மே 9

வேலைக்கு வந்த தங்கவேலின் பையைப் பரந்தாமன் கேட்டிலேயே கொட்டிப் பார்த்தார். ஸ்பேனர் ஒவ்வொன்றாய் விழுந்தது. நான் மாடியில் நின்றேன். ஏன்டா இறங்கல என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

மே 12

தங்கவேல் போன் செய்தான். "நைனா, நாலு ஊட்ல வராதன்ட்டாங்க. நான் இன்னா பண்ணேன்?"

சுவரொட்டியைக் கிழித்தேன். என்ன பயன்? எல்லார் போனிலும் இருக்கிறது.

பரந்தாமனிடம், அது என் முகம் என்றேன். என் வழுக்கையைப் பார்த்தார். "அவன காப்பாத்த இப்டியா பீலா வுடுவே?"

நாற்பது வருடமாய் நான் விட்ட பீலாவெல்லாம் திரும்பி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

போட்டோவைக் காட்டினால் நம்புவார்கள். மாடியில் வாயை மூடிக்கொண்டு நின்றதும் தெரிந்துவிடுமே — எந்த முகத்தோடு கேட்டைத் தாண்டுவேன்?

மே 13

என் மனைவி தாட்சாயிணி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "கல்யாண ஆல்பம் பீரோல கீது. சாவி வோணுமா?"

சாப்பிடவில்லை.

மே 14

கேட்டில் புதுச் சுவரொட்டி. ஏஐ இல்லை. கல்யாணப் போட்டோ, பக்கத்தில் இன்றைய வழுக்கை. கீழே என் கையெழுத்து: 'திருடன் முகம் என்னுடையது. தங்கவேல் பையைக் கொட்டியபோது பார்த்துக்கொண்டு நின்றேன்.'

பெரிதாக்கிச் சொல்ல ஒன்றுமில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

மே 19

ரேணுகா வீட்டு வாசலில் தங்கவேலின் மொபெட். எங்கள் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. போன் செய்தேன்.

"வேற ஆளப் பாத்துக்கோ நைனா."

வாளி வைத்திருக்கிறேன்.