நிறுத்தச் சொல்லாத மோட்டார்

ஏனுங்க,

இன்றைக்கு நம் கேரவனை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்திருந்தார். உள்ளே ஏறி ஏ.சி.யைப் போட்டார். போட்டதும் கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது. குளிர்காற்று என் முகத்தில் அடித்தது. "கம்ப்ரசர் காயில் புதுசாட்ட இருக்குதுங்கம்மா, நல்லா வெச்சிருக்கறீங்க" என்று பாராட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில், வண்டியைக் கொடுக்கிற மாதிரி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மகன் கோபித்துக்கொண்டான். கோபித்துக்கொள்ளட்டும்.

முப்பது வருஷம் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டிய மனுஷன் நீங்கள். கருகின மோட்டாரைக் கடை வாசலில் இறக்கும்போதெல்லாம், "லோ வோல்டேஜ்ல ஓட்டிப்போட்டு இங்க வந்து அழுவறாங்க" என்று திட்டுவீர்கள். கடையை மூடியபின் பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, ஏ.சி. எல்லாம் வைத்து வீடாக்கினீர்கள். அதற்குள் உங்களுக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்து போயிருந்தது. வெயில் இந்த இதயத்துக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னதை இரண்டு பேருமே கேட்டோம்.

அந்தச் சித்திரையில் மலைக்குப் போகிற வழியில், அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் தங்கினோம். வண்டி நிறுத்த இடமும் கரண்டும் தருகிற தோட்டம். காலையில் ஏ.சி. ஒழுங்காகத்தான் ஓடியது. மத்தியானம் மும்முனை மின்சாரம் வந்ததும் தோட்டக்காரர் கிணற்று மோட்டாரைப் போட்டார். நம் வண்டியில் விளக்கு மங்கியது. ஏ.சி. உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. பிளக்கைத் தொட்டுப் பார்த்தீர்கள், சுட்டது. வோல்டேஜ் மீட்டரில் இருநூற்று முப்பதில் நிற்க வேண்டிய முள் நூற்று எழுபதில் நின்றது. கரண்ட் அடுப்பை அணைத்தோம், ஃபிரிட்ஜைப் பிடுங்கினோம். முள் அசையவில்லை. நீங்களே ஏ.சி.யை நிறுத்தினீர்கள்.

"கம்ப்ரசர் காயில் வெந்துபோயிரும் அம்மணி."

"வெந்தா வேகட்டுங்க! வேற கட்டிக்கலாம். அவரு மோட்டாரை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்க."

"தண்ணி பாயறப்ப நிறுத்தச் சொல்றதா? வாழை வாடிக் கெடக்குது. கரண்டு இருக்கறப்பத்தான அவரு பாச்ச முடியும்? ஒரு வெவசாயிகிட்டப் போயி அப்பிடிக் கேட்டா நல்லாருக்குமா?"

ஊருக்கே திரும்பிவிடலாம் என்றேன். வெயில் தாழட்டும் என்றீர்கள். எனக்கோ வண்டி ஓட்டத் தெரியாது. தென்னை நிழலில் கட்டிலைப் போட்டேன், அங்கேயும் காற்று அனலாகத்தான் அடித்தது. ஈரத்துண்டு போர்த்தினால் போர்த்திய வேகத்தில் காய்ந்தது. நாலு மணிவாக்கில் உங்கள் பேச்சு குழறியது. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது "ஊடு வந்துருச்சா?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேசவே இல்லை.

எழவுக்கு வந்த தோட்டக்காரர் என் முன்னால் நின்று அழுதார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பனுங்களே அக்கா. வாழை போனாப் போவுதுங்க." அன்றுமுதல் சொந்தபந்தம் எல்லாம் உங்களைத்தான் குறை சொல்கிறது. அவர் வாய்விட்டு எதையும் கேட்க மாட்டார், அந்தக் கூச்சம்தான் அவரைக் கொண்டுபோய்விட்டது என்கிறார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பாவி நான்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்றைக்குத் தென்னை நிழலில் நீங்கள் கண்ணயர்ந்த நேரத்தில் நான் மோட்டார் ரூமுக்குப் போனேன். கேட்டே தீருவது என்றுதான் போனேன். தோட்டக்காரர் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றிருந்தார். தண்ணீர் அப்போதுதான் வாழைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நான் வந்துபோனதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு அவராகத்தான் கேட்டார்.

"வாங்கக்கா, ஏதாச்சும் வேணுங்களா?"

"ஒண்ணும் வேண்டாமுங்க, சும்மாதான் வந்தேன்" என்றேன்.