ரேடியேட்டரில் காய்ச்சிய கஞ்சி

புதுச்சத்திரம்,
14.2.1979

கந்தவேல் முதலியாருக்கு,

என் வண்டியின் ரேடியேட்டரில் கஞ்சி காய்ச்சியது நீங்கள்தான். இதை முதலில் எழுதிவிட்டேன். சௌக்கியம் விசாரிப்பதெல்லாம் இதற்குப் பதில் வந்த பிறகு.

போன வியாழக்கிழமை நீங்கள் வண்டி கேட்டு வந்தபோது நான் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. உங்கள் வண்டி கிளட்ச் தேய்ந்து நிற்கிறது, ஈரோட்டுச் சந்தைக்குத் துண்டு பேல் போயாக வேண்டும் என்றீர்கள். சாவியைக் கொடுத்தேன். ஞாயிறன்று நான் மரவள்ளி விதைக் குச்சி பார்க்கத் தம்மம்பட்டி போயிருந்த நேரமாகப் பார்த்து வண்டியை வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

நேற்று கிழங்கு ஏற்றிக்கொண்டு சேலம் கிளம்பினேன். மல்லூர் வருவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தாண்டிவிட்டது. டீக்கடை முன்னால் நிறுத்தி, சாக்கை நாலாக மடித்துப் பிடித்து மூடியைத் திருகினேன். வந்தது தண்ணீர் இல்லை. வெள்ளை வெளேரென்று கூழ்! குபுக் குபுக்கென்று பொங்கிப் பம்பர் வரை வழிந்தது. பெஞ்சில் இருந்த பத்துப் பேரும் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்கள்.

“ஏனுங்க, சக்கரை போட்டாச்சுங்களா?” என்றான் ஒருவன்.

“முந்திரி போடாம எறக்கிப்போடாதீங்க” என்றான் இன்னொருவன்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. எந்த ஒர்க்‌ஷாப்பிலும் போய்க் கைகட்டி நின்றதில்லை. பட்டாளத்து ஏலத்தில் இந்த பிக்கப்பை எடுத்த நாளிலிருந்து நானே கழற்றி, நானே மாட்டி, மாட்டியது தப்பென்றால் மறுபடி கழற்றிக் கற்றுக்கொண்டவன். அப்படிப்பட்டவன் நடுரோட்டில் பாயசக்காரன் ஆனேன்.

விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஜவ்வரிசி மாவு, நம் கிழங்கு மாவேதான். தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற உங்கள் வீட்டில் அது மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ரேடியேட்டர் ஒழுகியிருக்கிறது, மாவைக் கொட்டி அடைத்திருக்கிறீர்கள், சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். கொதிக்கக் கொதிக்க மூன்று முறை வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். கழுவக் கழுவ இறுகுகிறது.

27-ஆம் தேதி ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் கிழங்கு இறக்க என் முறை. இன்னும் ஒன்றரை ஏக்கர் கிழங்கு நிலத்தில் நிற்கிறது. பிடுங்கி இரண்டு நாள் கிடந்தால் உள்ளே நீலம் ஓடிவிடும், ஆலையில் எடுக்க மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். செய்ததை ஒப்புக்கொண்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
சென்னியப்பன்


குமாரபாளையம்,
17.2.1979

அன்புள்ள அண்ணாருக்கு, கந்தவேல் வணக்கம்.

நானும் வீட்டில் சாரதாமணியும் சுகம். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைத் தறிச் சத்தத்துக்கு நடுவே படித்தேன். முந்திரி வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன், பொய் சொல்வானேன். பிறகு தலைப்பைப் பார்த்தேன். ஒன்பது வருஷமாகத் தம்பி என்று எழுதிய கை முதலியார் என்று எழுதியிருக்கிறது. ஒரே நாளில், ஒரே ஏலத்தில், அண்ணன் தம்பி மாதிரி இரண்டு வண்டி எடுத்தோம். நிமிர்ந்து பார்க்கும் வேலை, ஒயரிங், கார்புரேட்டர் எல்லாம் எனக்கு, கீழே படுத்துச் செய்யும் வேலை எல்லாம் உங்களுக்கு என்று பிரித்துக்கொண்டோம். எத்தனை கடிதம்! டைனமோ சார்ஜ் ஆகவில்லை என்றால் நீங்கள் எழுதுவீர்கள், கியர் கத்துகிறது என்றால் நான் எழுதுவேன்.

அண்ணா, நான் மாவு போடவில்லை. சங்ககிரி தாண்டும்போதே ரேடியேட்டர் சொட்டுவதைப் பார்த்தேன். பத்து மைலுக்கு ஒரு தரம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றித்தான் நான்கு நாளும் ஓட்டினேன். ஞாயிறன்று, “ரேடியேட்டர் ஒழுகுதுங்க மதனி, அண்ணன் வந்ததும் ஈயப் பத்து வெக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். மதனியைக் கேளுங்கள்.

அது கிடக்கட்டும். முதலில் வெந்நீரை நிறுத்துங்கள்! கஞ்சி போட்ட துணியிலிருந்து கஞ்சியை எடுக்க நாங்கள் கொதிநீரில் போடுவதில்லை. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவை, கை பொறுக்கும் சூட்டில் இருக்கிற தண்ணீரில் கலக்கி, அதில் துணியை ஊற வைப்போம். எவ்வளவு கெட்டிக் கஞ்சியானாலும் விடிவதற்குள் நீர்த்துப் போகும். துணிக்குக் கேட்பது ரேடியேட்டருக்குக் கேட்காதா? தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு படி மாவைக் கலக்கி ஊற்றுங்கள். என்ஜினைக் கொஞ்சம் ஓட்டி, இளஞ்சூடு வந்ததும் அணைத்துவிடுங்கள். மறுநாள் கீழ்க் குழாயைக் கழற்றி, பம்புசெட்டுத் தண்ணீரைத் தலைகீழாக அடியுங்கள்.

இன்னொன்று. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். அப்படியானால் வண்டியைத் தொடவே வேண்டாம். உடனே எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
கந்தவேல்


புதுச்சத்திரம்,
20.2.1979

கந்தவேல் முதலியாருக்கு,

கடிதம் கிடைத்தது. கஞ்சியை எடுக்க இவ்வளவு தெரிந்தவருக்குப் போடத் தெரியாதா? நீங்கள் எழுதிய வைத்தியமே உங்களுக்கு எதிர்ச் சாட்சி.

வீட்டுப் பெண்டுகளைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். வண்டி விஷயத்தில் நான் வீட்டில் கேட்டு எதையும் செய்ததில்லை. இனியும் கேட்பதாக இல்லை.

ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை, நானாகவே பார்த்தேன். பால் விட்ட டீதான். ஏடு மட்டும்தான் குறை.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நாம் சேர்ந்து வாங்கிச் சேர்த்த உதிரிபாகப் பெட்டி உங்கள் வீட்டில் இருக்கிறது. அதைப் பாதியாகப் பிரித்து என் பாதியை அனுப்பிவிடுங்கள். இனி உங்கள் வண்டியின் அடியில் நான் படுக்கப் போவதில்லை. என் வண்டியின் பானட்டை நீங்கள் திறக்க வேண்டாம். அவரவர் வண்டி, அவரவர் பாடு.

சென்னியப்பன்


குமாரபாளையம்,
23.2.1979

அண்ணாருக்கு வணக்கம்.

பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் சாரதாமணியும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஹெட் கேஸ்கெட் ஒன்று. கிளட்ச் பிளேட் ஒன்று. வாட்டர் பம்ப் ஒன்று. எல்லாம் ஒவ்வொன்றுதான். கேஸ்கெட்டை நடுவில் வெட்டினால் உங்களுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. இந்த வண்டிக்கு வேறு எங்கேயும் சாமான் கிடைக்காது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

அதனால் முழுப் பெட்டியையும் லாரி டிரைவர் பச்சமுத்துவிடம் கொடுத்தனுப்புகிறேன். கிளட்ச் பிளேட்டும் அதில்தான் இருக்கிறது. எடுத்து வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கியர்பாக்ஸை இறக்க எனக்குத் தெரியாது. என் துண்டுகளைப் பஸ் டாப்பில் ஏற்றி அனுப்பிக்கொள்கிறேன். கண்டக்டர் கத்துகிறான், கத்தட்டும். வண்டி தறிக்கொட்டாய்ப் பக்கத்தில் நிற்கிறது. கோழி முட்டை வைக்க ஆரம்பித்துவிட்டது.

கேஸ்கெட் மேலாகவே இருக்கிறது. அதற்கு மேல் ஒரு பொட்டலம். முளைக் கேழ்வரகு மாவு, நான்கு படி. சாரதாமணி அரைத்தது. கேஸ்கெட் மாற்றிய பிறகு ஊற்றுங்கள், முன்னால் ஊற்றாதீர்கள்.

மாவு நான் போடவில்லை. இதை இனி எழுத மாட்டேன்.

கந்தவேல்


புதுச்சத்திரம்,
28.2.1979

அன்புள்ள தம்பி கந்தவேலுக்கு,

வண்டி ஓடுகிறது! நேற்றுச் சரியாகப் பதினோரு மணிக்குக் கிழங்கோடு ஆலை வாசலில் நின்றேன். மல்லூர் மேட்டில்கூட முள் பாதியைத் தாண்டவில்லை. இனி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் படியுங்கள்.

சனிக்கிழமை காலை பச்சமுத்து பெட்டியை இறக்கிவிட்டுப் போனான். உங்கள் மதனி பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள்.

“முளை கட்டின மாவாட்டம் இருக்குது. ஆருக்குங்க கூழு?”

“ரேடியேட்டருக்கு. கஞ்சியை எடுக்குமாம்.”

“அட, இதுக்குத்தான் இத்தனை பாடா? மொதல்லயே சொல்லியிருந்தா நம்மூட்லயே முளை கட்டியிருப்பனே. மாவு போட்டது நானுங்க.”

என் கையில் ஸ்பேனர் இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

“நீ எதுக்குடி போட்டே?”

“முதலியார் ஒழுகுதுன்னாரு. நீங்க தம்மம்பட்டியிலிருந்து வந்து, யோசிச்சு, நாலு பேருகிட்ட வம்பு பேசி, அப்புறம் அடைக்கறதுக்குள்ள கெழங்கு அழுகிப்போயிருமேன்னு நானே ரெண்டு படி கொட்டுனேன். போன வருசம் தண்ணித்தொட்டி ஒழுகினப்போ கெழங்கு மாவைக் கொழைச்சு அடைச்சது ஆருங்க? இதைவிட ஒசந்த சிமிட்டி இல்லைன்னு ஊரைக் கூட்டிச் சொன்னது ஆருங்க?”

தொட்டி வெயிலில் இருக்கிறது, அடுப்பில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டு வேறு கேட்டேன்.

“பத்து நாளா ஏன் வாயைத் தெறக்கல?”

“நீங்க கேக்கவே இல்லீங்களே. முதலியாருக்குக் காயிதம் எழுதறதுலயே இருந்தீங்க.”

இவ்வளவுதான் நடந்தது. அன்றே ஹெட்டைக் கழற்றினேன். கேஸ்கெட் இரண்டாவது மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் கருகியிருந்தது. மாற்றி, ஆயிலையும் மாற்றினேன். மாவைக் கலக்கி அவள் ஊற்ற ஊற்ற, நான் கையை வைத்துச் சூடு பார்த்தேன். மறுநாள் குழாயைக் கழற்றிப் பம்புசெட்டைப் போட்டேன் பாருங்கள், பசையாக இருந்ததெல்லாம் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி சர்ரென்று கொட்டியது! அவள் கைதட்டினாள். நானும் சத்தம் போட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். வரப்பில் மேய்ந்த எருமை மிரண்டு ஓடிவிட்டது. ஒழுகின இடத்துக்கு ராசிபுரத்தில் பற்று வைத்தாயிற்று.

சாரதாமணியிடம் சொல்லுங்கள், மாவு பட்டு மாதிரி அரைத்திருந்தது.

என் முந்தின இரண்டு கடிதங்களில் எழுதியவை தப்பு. எழுதியது நான். உங்களைப் போல நயமாக எழுதிப் பழக்கமில்லை, வேலையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கான வேலைகளைக் கீழே எழுதுகிறேன். இதில் எதையும் மாற்ற வேண்டாம்.

முழுப் பெட்டியையும் என் வண்டியில் ஏற்றிக் குமாரபாளையம் கொண்டுவந்து, பழைய இடத்திலேயே வைக்க வேண்டியது நான்.

உங்கள் வண்டியிலிருந்து கோழியை இறக்க வேண்டியது நீங்கள். முட்டை இருந்தால் உடையாமல் எடுக்கவும்.

அடியில் படுத்துக் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டை மாட்ட வேண்டியது நான். முதுகுக்குக் கீழே விரிக்க ஒரு சாக்கு கொடுக்க வேண்டியது நீங்கள். நான் சொல்லும்போது பெடலை மிதிக்க வேண்டியதும் நீங்கள்.

ஞாயிறன்று உங்கள் மதனியும் வருகிறாள். இரண்டு பெண்களும் வண்டியைப் பற்றி ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேட்க வேண்டியது நான்.

வேலை முடிந்ததும் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பவானி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்ட வேண்டியது நீங்கள். உங்கள் பக்கத்தில் உட்கார வேண்டியது சாரதாமணியும் உங்கள் மதனி கண்ணாத்தாளும். பின்னால் தட்டில், துண்டு பேல் போகிற இடத்தில், ஏறி உட்கார வேண்டியது நான். கவுண்டர் ஏன் பின்னால் உட்கார்ந்து வருகிறார் என்று பாலத்தில் யாராவது கேட்டால், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. பதில் சொல்ல வேண்டியது நான்.

சென்னியப்பன்