கதவு மூடாத கார்

ஜனவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். எனக்கு முட்டி வலி இருக்கிறது. அதைப் பற்றி எழுதினால் நீ பக்கம் பக்கமாக வைத்தியம் எழுதுவாய், ஆகையால் எழுதவில்லை.

மருமகளுக்கு மே மாதம் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். ஆமாம், கேள்விதான் பட்டேன். பால் வாங்கப் போன இடத்தில் யாரோ சொல்லித் தாய்மாமனுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. போகட்டும். என்னை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் காரை வெளியே எடுத்துவிட்டேன். வெளியே என்றால் ஷெட்டின் நடுவுக்கு. இத்தனை வருஷமும் சுவரோரமாக நின்றது. கித்தான் கூரையை எலி தின்றுவிட்டது, அதை மடக்கும் கம்பிகள் மட்டும் விலா எலும்பு மாதிரி நிற்கின்றன. என்ஜின் சுற்றுகிறது. ஆனால் முன் சீட்டுக்கு அடியில் கை விட்டால் சிமெண்டுத் தரை தட்டுப்படுகிறது. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் சட்டம் இரண்டு பக்கமும் துருப்பிடித்து, தொட்டால் பிஸ்கட்டாக உதிர்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்கப் போகிறேன். வெல்டிங் மெஷின் வாங்கியாகிவிட்டது.

என் மருமகள் மண்டபத்து வாசலில் கூரை மடக்கிய காரில்தான் வந்து இறங்குவாள். ஓட்டுவது நான். ஒரே நிபந்தனை, காரில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

"இந்தக் காரைத் துடைக்கிற அக்கறையில பாதிய நம்ம குளியலறைக் குழாய் மேல காட்டியிருந்தா சொட்டுறதாவது நின்னிருக்கும்" என்று உன் அண்ணி சொல்கிறாள். அவளையும் எழுதச் சொன்னேன். "நான் நேர்ல பேசிக்கிறேன்" என்றாள்.

உன் அண்ணன்


ஜனவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பத்திரிகை இன்னும் அச்சாகவே இல்லை அண்ணா. அச்சானதும் முதல் பத்திரிகையோடு நேரில் வந்து நிற்கலாம் என்றிருந்தேன். பால்காரர் முந்திக்கொண்டால் நான் என்ன செய்ய?

கார் வருகிறது என்றதும் உங்கள் மருமகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார். "பின் சீட்டுல நின்னுக்கிட்டே வரலாமாம்மா? நீ நின்னியே!" என்கிறாள். அப்பா ஓட்டுவார், நான் தலைமுடி பறக்க நிற்பேன், விழுந்துவிடாமல் நீங்கள் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருப்பீர்கள் என்றெல்லாம் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

என் கல்யாணத்தன்றும் கார் வரும் என்று வாசலில் நின்றேன். ஷெட் பூட்டியிருந்தது, நீங்கள் வீட்டில் இல்லை. பஸ்ஸில் போனோம். குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை அண்ணா. அவளுக்காவது வருகிறதே என்ற சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

உங்கள் நிபந்தனையை அவரே படித்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் கடிதத்தைத் திரும்ப வாங்கி, சட்டத்தை வெட்டப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் விரலை வைத்து, "இத மட்டும் மச்சானுக்கு எழுதிடு" என்றார். எழுதுகிறேன். கூரை உள்ள காரைக் கூரையும் சேர்ந்து பிடித்துக்கொள்ளுமாம். கூரை இல்லாத காருக்கு அந்தச் சட்டம்தான் முதுகெலும்பாம். அதை வெட்டுவதற்கு முன், கதவு இருக்கும் இடைவெளியில் குறுக்கே ஒரு இரும்புக் குழாயை முன்னுக்கும் பின்னுக்குமாகப் பற்றவைத்துவிட வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். "இல்லாட்டித் தூளி மாதிரி நடுவுல தொங்கிடும். அப்புறம் கதவு மூடவே மூடாது."

இன்னொன்றும் சொன்னார். "மச்சான் ஒரு வார்த்தை சொன்னா, பட்டறைக்கு லீவு விட்டுட்டு வந்து கூட நிக்கிறேன்."

பாவம், ஆசையாகத்தான் கேட்டார்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 2

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் வீட்டுக்காரரின் உபதேசம் கிடைத்தது.

நான் மரக்கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டது யாரிடம்? தண்ணீர் மோட்டாருக்குச் சுருள் சுற்றக் கற்றுக்கொண்டது யாரிடம்? எல்லாம் புத்தகத்தைப் பார்த்துத்தான். எந்தப் பட்டறை வாசலிலும் போய் நின்றதில்லை. இந்த வயதில் ஒரு டிங்கரிங் பட்டறைக்காரர் வந்து, என் ஷெட்டில் நின்று, அப்பாவின் காரை எங்கே வெட்டுவது என்று எனக்குச் சொல்ல வேண்டுமா?

இந்தக் காருக்கும் தடித்த புத்தகமாக ஒன்று வாங்கியிருக்கிறேன். அதே கம்பெனி, அதே மாடல், அதே வருஷம். அட்டைப் படத்தில் உள்ள காருக்குத் தகரக் கூரை, நம்முடையதற்குக் கித்தான். அது ஒன்றுதான் வித்தியாசம். சட்டத்தை எப்படி வெட்டுவது என்று படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். முதலிலிருந்து கடைசி வரை பார்த்துவிட்டேன், குழாய் என்ற பேச்சே இல்லை.

அவர் லீவைக் கல்யாண வேலைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

மருமகளிடம் சொல், பின் சீட்டில் நிற்கலாம். சட்டையைப் பிடித்துக்கொள்ள மாப்பிள்ளைப் பையன் இருக்கிறான்.

உன் அண்ணன்


பிப்ரவரி 9

அண்ணாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். அவர் உங்கள் கடிதத்தைப் பாதிச் சாப்பாட்டில் படித்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். "அந்தப் புத்தகம் கூரை வச்ச காருக்கு. அவர் ஒண்ணுமில்லன்னு சொல்ற வித்தியாசத்துலதான் எல்லாமே இருக்கு. போனப் போடு" என்றார். போட்டுக் கொடுத்தேன். அவர் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். மூன்று தரம்.

அவரோடு பேச வேண்டாம். என் பேச்சையாவது கேளுங்கள். குழாய் வைக்காமல் வெட்டாதீர்கள் அண்ணா.

தங்கை


மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

சீட்டுகளுக்குப் புது உறை தைத்தாகிவிட்டது, கருஞ்சிவப்பு. தைத்தது உன் அண்ணி. "என் கல்யாணப் புடவைக்குக் கூட நீங்க இவ்வளவு நேரம் கலர் பாக்கல" என்று ஊசியை வைத்துக்கொண்டே திட்டினாள். முன் விளக்குகளின் வளையத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், முகம் தெரிகிறது. அப்பாவின் ஹாரன் இன்னும் அதே குரலில்தான் கத்துகிறது. கேட்டதும் உன் அண்ணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்துவிட்டாள், மாமனார் வந்துவிட்டார் என்ற நினைப்பில்.

பழைய சட்டம் இரண்டு பக்கமும் எடுத்தாகிவிட்டது. புதுத் தகடும் வைத்தாகிவிட்டது. கதவுகள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கின்றன. பழைய கீல், அப்படித்தான் இருக்கும்.

நீ போன் போட்டபோதெல்லாம் நான் ஷெட்டில் இருந்தேன்.

உன் அண்ணன்

பின்குறிப்பு: உன் வீட்டுக்காரர் ஏதோ குழாய் என்று சொன்னாரே, அது என்ன கனத்தில் இருக்க வேண்டும்? வெட்டிய பிறகு வைத்தாலும் பயன் உண்டா? பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.


மார்ச் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

பின்குறிப்பைப் படித்ததும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வெட்டிட்டாரா?"

ஆமாம் போலிருக்கிறது என்றேன். எழுந்து வாசலுக்குப் போனார். நான்கூட, சொன்னதைக் கேட்கவில்லை என்று கோபம் போல என்று நினைத்தேன். திரும்பி வந்து, "இன்னும் சரி பண்ணிடலாம். புதுத் தகட்டப் பிரிக்கணும், நடுவுல ஜாக்கி வச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கணும். தனியாளாப் பண்ற வேலை இல்ல" என்றார். பரணிலிருந்து தன் டூல்ஸ் பையை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணா, கல்யாணத்துக்கு நாள் இருக்கிறது. அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். எனக்கு அல்ல, அவருக்கு. நம் வீட்டு வாசலை அவர் இதுவரை மிதித்ததில்லை. மிதிக்கச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'வா' என்று ஒரே ஒரு எழுத்து போதும். அதற்கு மேல் அவர் எதையும் எதிர்பார்க்கிற ஆள் இல்லை.

உங்கள் தங்கை


ஏப்ரல் 4

தங்கைக்கு,

ஷெட் திறந்துதான் இருக்கிறது. வருகிறவர்கள் வரலாம். யாரையும் நான் தடுக்கவில்லை. ஆனால் என்னைவிட வயதில் சின்னவருக்கு நான் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்த்தால், அது நடக்காது. நான் எழுதுவது இவ்வளவுதான்.

கார் தயாராகிவிடும். தயாரானால் காரோடு வருவேன். காரில்லாமல் கைவீசிக்கொண்டு வந்து மண்டபத்து வாசலில் இறங்க மாட்டேன். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறது.

உன் அண்ணன்


மே 28

அண்ணாவுக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பிள்ளை வீட்டார் நல்ல மாதிரி.

அண்ணி பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். "உங்கண்ணன் காருக்கு அடியில படுத்திருக்காரு. நான் கிளம்புறேன்னு கால்கிட்ட நின்னு சொல்லிட்டு வந்தேன். கால் கூட அசையல" என்றார். சொல்லும்போது சிரித்தார். அப்புறம் கை கழுவுகிற இடத்துக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

உங்கள் மருமகள் வாடகைக் காரில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தாள். "மாமா எங்கேம்மா?" என்றாள். கார் இன்னும் சரியாகவில்லையாம் என்றேன். "கார யாரு கேட்டா?" என்றாள். பதில் உங்களுக்குத் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கடைசிப் பந்தி வரை வாசலிலேயே நின்றார். ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் எட்டிப் பார்த்தார். "வந்துருவார், மனசு கேக்காது" என்று என்னையே தேற்றினார்.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது. ஷெட் திறந்திருக்கிறது, வருகிறவர்கள் வரலாம் என்று எழுதினீர்களே, அதுவே போதும் என்று அவர் கிளம்பிவிட்டார். செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். நான்தான் விடவில்லை. பையிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். "என்னடி, எனக்கே ரோஷம் வரல, உனக்கு என்ன?" என்றார். ஆமாம், அவருக்கு வராது. எனக்கு வருகிறது. நானும் அதே அப்பாவின் பெண்தானே. கூப்பிடாத வீட்டுக்கு அவரை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அனுப்பியிருந்தால் கார் வந்திருக்கும், நீங்களும் வந்திருப்பீர்கள். அதையும் யோசித்துத்தான் பார்த்தேன். யோசித்தும் அனுப்பவில்லை. இதில் என் பங்கும் இருக்கிறது, அது என்னோடு.

இனிமேல் காரைப் பற்றி எனக்கு எழுதாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

தங்கை


ஜூன் 20

மாப்பிள்ளை அவர்களுக்கு,

காரைப் பற்றித் தனக்கு எழுதக் கூடாது என்று உங்கள் வீட்டில் உத்தரவாகியிருக்கிறது. எனக்குக் காரைத் தவிர வேறு எதையும் பற்றி எழுதத் தெரியவில்லை. ஆகையால் உங்களுக்கு எழுதுகிறேன். இந்தக் காகிதத்தை எடுத்து வைத்து ரொம்ப நாளாகிறது. மேலே என்ன போட்டு ஆரம்பிப்பது என்று தெரியாமல் அப்படியே இருந்தது. உன் அண்ணி சொன்னாள்—மன்னிக்கவும், தங்கைக்கு எழுதி எழுதிப் பழக்கம்—என் வீட்டுக்காரி சொன்னாள், "முறைய எழுதுங்க, அதுக்குத்தானே முறைன்னு ஒண்ணு இருக்கு." எழுதிவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு பக்கச் சட்டத்தையும் ஒரே நாளில் வெட்டினேன். குழாய் வைக்கவில்லை. கார் நான்கு சக்கரத்தில் நின்றது, அடியில் முட்டு இல்லை. இடது பக்கம் வெட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. வலது பக்கத்தில் வெட்டும் மெஷின் கடைசி அங்குலத்தைத் தொட்டதும் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை, கிழவன் நாற்காலியில் உட்காருகிற மாதிரி. அப்போதே நடு இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், இறங்கியபடியே புதுத் தகட்டை வைத்துப் பற்றவைத்தேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது கதவின் மேல் விளிம்பு பின்பக்கத் தகட்டை ஒரு விரல் கனத்துக்கு ஏறி முட்டுகிறது. கீலை மாற்றிப் பார்த்தேன். கதவு விளிம்பைத் தேய்த்துப் பார்த்தேன். கல்யாணத்தன்று காலையில் கதவுகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, தெருமுனை வரை ஓட்டியும் பார்த்தேன். குழியில் இறங்கியபோது கயிறு அறுந்து இரண்டு கதவும் விரிந்துவிட்டன. ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டேன். என் வீட்டுக்காரி கிளம்பிப் போனபோது கீழே படுத்திருந்தேன். அவள் சொன்னது காதில் விழுந்தது. எழுந்து வந்தால் முகத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.

பழைய கதை எதையும் இதில் எழுதவில்லை. எனக்கு அது வராது. கேட்டால் மறுபடியும் சண்டைதான் போடுவேன், நீங்களும் கேட்க மாட்டீர்கள்.

புதுத் தகடு இரண்டையும் பிரித்துவிடலாம் என்று சொன்னீர்களாம். பிரிக்கலாம். வெட்டுவதும் பற்றவைப்பதும் நீங்கள். தகட்டைப் பிடித்துக்கொள்வது நான். எவ்வளவு நேரமானாலும் கை ஆடாது. மாடி அறையில் காற்று வரும், படுக்கை விரித்து வைத்திருக்கிறது. வாருங்கள்.

என் தங்கை பையிலிருந்து மறுபடியும் சாமான்களை எடுத்துத் தரையில் வைத்தால், அவளைத் தடுக்க வேண்டாம். நான் எழுத வேண்டிய நாளில் எழுதவில்லை.

வர முடியாவிட்டால் ஒன்றுக்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள். நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவுகளை மாட்டி வைத்துத் தூக்குவதா, கழற்றிவிட்டா? புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உங்கள் பதில் வரும் வரை எதையும் தொட மாட்டேன்.

மச்சான்