இன்ஜினியருக்குப் பின்னால் போன சொல்

எங்கள் குடியிருப்பு லிஃப்ட்டில் இன்று காலை புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். 'பெர்சன் ரெஸ்பான்சிபிள்' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே பழுதுபார்ப்பவரின் பெயர். நான்காவது மாடி வருவதற்குள் உன் நினைவு வந்துவிட்டது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

நீ இங்கே அல்வாலிலேயே பிறந்து வளர்ந்தவள்; ஆமாம், வேண்டாம், எதற்கு என்பதெல்லாம் உன் தமிழில் ஹவ், நக்கோ, கைக்கு என்று ஊர் உருதுவாகத்தான் வரும். நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக ஹைதராபாத் வந்தவள். நீ மென்பொருள் எழுதினாய். அதை இயக்குகிறவர்களுக்கான குறிப்புகளை நான் எழுதினேன். அலுவலகப் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

ஒரு செவ்வாய்க்கிழமை, நீ செய்த மாற்றத்தால் வெளிநாட்டு வாடிக்கையாளரின் பயண முன்பதிவு மூன்று மணி நேரம் நின்றுபோனது. அவர்களுக்கு அறிக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது. அடுத்த மாதம் நீ அங்கே போவதாக இருந்தது. அதை நினைத்தே, 'ரெஸ்பான்சிபிள் இன்ஜினியர்' உடனே சரிசெய்துவிட்டார் என்று எழுதினேன்.

நீ திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தாய். "இப்படி எழுதினா நான் ரொம்பப் பொறுப்பான பொண்ணுன்னு ஆகுது. அந்த வார்த்தையைத் தூக்கி இன்ஜினியருக்குப் பின்னால போடு."

"பின்னால போட்டா தப்புக்கு நீதான் காரணம்னு ஆயிரும்லா?"

"ஹவ். நான்தானே காரணம்?"

"அப்பொறம் ஒன்னய அனுப்ப மாட்டாங்க. முன்னாலயே இருக்கட்டும்."

"நக்கோ. கைக்கு இவ்வளவு பயம்?"

விசைப்பலகையை இழுத்து நீயே மாற்றினாய். 'இன்ஜினியர் ரெஸ்பான்சிபிள்.' பக்கத்தில் உன் பெயரையும் அடித்தாய்.

பயணம் வேறொருவருக்குப் போனது. அந்த வாரம் முழுக்கப் பேருந்தில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாய். திங்கட்கிழமை, போவன்பள்ளிச் சந்தையில் வாங்கிய கொய்யாவை நீட்டிப் பழையபடி பேச ஆரம்பித்தாய்.

சொல்ல வேண்டியது என்னிடம்தான் இருந்தது. அந்த மாற்றத்துக்கான குறிப்பில், பழைய பதிப்பை முதலில் பத்திரப்படுத்தச் சொல்லும் வரியை நான் விட்டிருந்தேன். அது இருந்திருந்தால் பத்தே நிமிடத்தில் பழைய நிலைக்குத் திருப்பியிருக்கலாம். அறிக்கை போன மறுநாள்தான் அது விடுபட்டது என் கண்ணில் பட்டது. யாரிடமும் சொல்லாமல் அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். உன்னிடம் பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். உன் கல்யாணம் வந்தது, என் பிரசவம் வந்தது, கடைசியில் உன் நோய் வந்தது.

மருத்துவமனையில், "என்னமோ சொல்ல வந்தியே?" என்றாய்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

இப்போதெல்லாம் என் தவறென்றால் அறிக்கையில் என் பெயரைப் போட்டுவிடுகிறேன். அந்த ஓர் அறிக்கையில் மட்டும் உன் பெயர் தனியாக நிற்கிறது.