அமோனியாவில் கரையாத மஞ்சள்

6 ஜூலை 1936, செனாய்

எல்லாரும் படுத்துவிட்டார்கள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் மூச்சு விசில் அடிக்கிறது. திரியை இறக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இன்று தங்கராஜு வீட்டு மாடு செத்துப்போனது. மருந்து அடித்த லாலாங் புல்லை மேய்ந்துவிட்டது. வாயெல்லாம் நுரை. ரப்பர் தோட்டத்தில் புல்லுக்கு மருந்து கலக்கிற மணியம் மாமாவே வந்து குழி வெட்டினார். "இனிப்பா இருக்கும்போல. மாடு தேடித் தேடித் திங்குது" என்று சிரித்தார். பிறகு, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கொடுத்தனுப்பிய அப்பாவின் இளைப்பு மருந்தை இடுப்பிலிருந்து எடுத்துத் தன் அக்காவிடம் கொடுத்தார்.

அந்த அக்காதான் என் சின்னம்மா. அம்மா செத்த மறுவருஷம் இந்த வீட்டுக்கு வந்தவள். அவள் வந்த பிறகுதான் அப்பாவின் சட்டை இப்படித் தொளதொளவென்று ஆனது.

9 ஜூலை

மருந்தை நான் அளந்து கொடுக்கிறேன் என்றேன். சின்னம்மா குப்பியைக் கையில் தரவில்லை. கூடிப்போனால் ஆபத்தாம். அப்படியென்றால் அதில் என்ன இருக்கிறது?

மாட்டின் கண் திறந்தே இருந்தது. மண் போடும்போதும்.

14 ஜூலை

ஜொகூர் பாருவுக்குப் போகும் காலை ரயில் தாமதம். ரசாயன வகுப்புக்கு ஓடித்தான் போனேன். மிஸ் வினிஃப்ரெட் சில்வர் நைட்ரேட் சோதனை காட்டினார். உப்புத் தண்ணீரில் சொட்டினால் தயிர்போல வெள்ளையாகத் திரிகிறது. அயோடைடு என்றால் மஞ்சள். தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் நாலைந்து பேர் இருப்பதால் இதையும் சொன்னார்: லாலாங்குக்கு அடிக்கிற ஆர்சனிக் மருந்தும் மஞ்சளாகத்தான் வரும்.

எந்த மஞ்சள் எது என்று அமோனியா விட்டுப் பார்க்க வேண்டுமாம். அமோனியா தீர்ந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

அப்பாவின் மருந்தைச் சோதித்து மஞ்சள் வந்தால்? அயோடின் புண்ணுக்குத் தடவுவது. அதை யார் குடிப்பார்கள்?

16 ஜூலை

மஞ்சள்.

17 ஜூலை

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. சின்னம்மா குளிக்கப் போனபோது கொஞ்சம் மருந்தைத் தைலக் குப்பியில் ஊற்றிக்கொண்டேன். பள்ளியில் சாப்பாட்டு மணிக்கு எல்லாரும் ரசாயன அறையைவிட்டு வெளியே போன பிறகு சோதித்தேன். இரண்டு சொட்டுதான். உடனே மஞ்சள்.

விரலில் சில்வர் நைட்ரேட் பட்டுக் கறுத்துப் போயிருக்கிறது. சோப்புப் போட்டாலும் போகவில்லை. சாப்பிடும்போது சின்னம்மா அந்த விரலையே பார்த்தாள். மை என்றேன்.

யாரிடம் சொல்வது? அப்பா நம்பமாட்டார். "சின்னம்மாவ அம்மான்னு நெனச்சுக்க பிள்ள" என்கிறவர் அவர். அவள் காதில் விழுந்தால் எனக்கும் ஊற்றுவாளோ?

18 ஜூலை

மருந்தைக் கொட்டிவிட்டேன். அதே நிறத்தில் தேத்தண்ணீரை வடிகட்டிக் குப்பியில் ஊற்றி வைத்தேன். சாயங்காலம் அப்பா குடித்தார். இனிமேல் அவர் பிழைத்துக்கொள்வார். சாமி, பிழைக்க வை.

21 ஜூலை

இருமல் கூடிவிட்டது. விஷம் உடம்பைவிட்டு இறங்கும்போது அப்படித்தான் இருக்குமோ?

23 ஜூலை

படுக்க முடியவில்லை அவருக்கு. தலையணையை மடியில் வைத்துக் குனிந்தபடியே உட்கார்ந்திருக்கிறார். உதடு நீலம். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், போய்ப் படி என்று. பேச்சு வரவில்லை.

24 ஜூலை

காலையில் டிரசர் ஐயாசாமி வந்து ஊசி போட்டார். குப்பியை முகர்ந்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது தேத்தண்ணிம்மா. மருந்து எங்க?"

நான் கதவருகே நின்றேன். சின்னம்மா என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். பிறகு அவரிடம் சொன்னாள்: "மருந்து கை தவறிக் கொட்டிருச்சுங்க. அவரு கோவிப்பாருன்னு நாந்தான் இத ஊத்தி வெச்சேன்."

டிரசர் வாசலில் நின்று, லயத்து வரிசை வீடெல்லாம் கேட்கிற மாதிரி திட்டினார். மனுஷனைக் கொல்லப் பார்த்தாயே என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏன் பொய் சொன்னாள்? பழைய மருந்தைப் பற்றி யாரும் தோண்டிவிடக் கூடாது என்றுதானே? அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படித்தான்.

29 ஜூலை

அமோனியா வந்துவிட்டது. மிஸ் இரண்டு குழாயில் காட்டினார். ஆர்சனிக் மஞ்சள் அமோனியாவில் கரைந்து தெளிந்துபோனது. அயோடைடு மஞ்சள் அப்படியே இருந்தது.

தைலக் குப்பியில் மிச்சம் இருந்ததை வைத்து நானும் செய்தேன். சொட்டினேன், குலுக்கினேன், இன்னும் சொட்டினேன். கரையவில்லை. கரையவே இல்லை.

அயோடைடை மனுஷர் குடிப்பார்களா மிஸ் என்று கேட்டேன். இளைப்புக்காரர்களுக்குச் சளி இளக அதைத்தான் கொடுப்பார்கள் என்றார். என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து, அமோனியாவை அவ்வளவு கிட்ட வைத்து முகராதே என்றார்.

அப்பாவின் உதட்டை நீலமாக்கியது நான்.

31 ஜூலை

சின்னம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். விஷம் என்று நினைத்துத்தான் கொட்டினேன் என்றால், யார் வைத்த விஷம் என்று கேட்பாளே. என்ன சொல்வேன்?

அவளே பேசினாள், என்னைப் பார்க்காமல்.

"நீ ஏன் செஞ்சேன்னு கேக்கமாட்டேன் தனம். ஒரே பிள்ள, நீ செஞ்சேன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்கமாட்டாரு. அதான் என் தலையில போட்டுக்கிட்டேன்."

லயத்துப் பெண்கள் குழாயடியில் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றார்கள். அப்பா இன்னும் அவளிடம் பேசவில்லை.

5 ஆகஸ்ட்

அப்பா எழுந்து உட்காருகிறார். தானாகக் காப்பி கேட்டார். நான் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சின்னம்மா எழுந்து வந்து என் கையிலிருந்து லோட்டாவை வாங்கினாள். முதலில் தான் ஒரு வாய் குடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அவரிடம் கொடுத்தாள்.