மழை ஷீட்டில் தலை நுழைக்கிற ஓட்டை

கார்த்திகை 6, சனிக்கிழமை. மழை இன்னும் விடலை.

எதிர் வூட்டு ஸ்டெல்லாவோட புருஷன் காலையில தவறிப் போய்ட்டார். தெருக்குழாய் சண்டைக்கு அப்புறம் அவளும் நானும் பேசறதில்லை. அவளே கூப்பிடட்டும்னு நானும் போகலை.

மத்தியானம் மழையில அவங்க வாசல்ல போட்ட சாமியானா கிழிஞ்சிபோச்சு. அவ மவன் அந்தோணி ஓடியாந்தான். "அத்தே, மாமாவோட பட்டாளத்து மழை ஷீட்டு இருக்குதா?" எடுத்துக் குடுத்தேன். என் வூட்டுக்காரர் அதை மாட்டிகினுதான் மழையில காவல் நின்னாராம். தோஸ்து ஷீட்டோட பட்டன் போட்டுச் சேர்த்தா ரெண்டு பேருக்குக் கூடாரம். அடிபட்டவனைக்கூட அதுல போட்டுத்தான் தூக்குவாங்களாம்.

ஜன்னல்ல பாத்தேன். சவப்பெட்டிக்கு மேல கட்டிட்டாங்க. நடுவுல தலை நுழைக்கிற ஓட்டையை முறுக்கிக் கட்டணும்னு ஒருத்தருக்கும் தெரியலை. தண்ணி நேரா அவர் மூஞ்சியில ஊத்துது. துடைக்கத் துடைக்க ஊத்துது.

மனசு கேக்கலை, போனேன். ஸ்டூல் மேல ஏறி, ஓட்டையில தைச்சிருக்கிற தொப்பியை முறுக்கி, ஒரு மாலையில இருந்து நார் உருவிக் கட்டினேன். கீழ ஸ்டூலைப் புடிச்சிகினு இருந்தது ஸ்டெல்லா.

"இப்பதான் வழி தெரிஞ்சிதா உனக்கு?"

"ஓட்டையைக் கட்ட வந்தேன்."

"கட்டிட்ட இல்ல? எறங்கி உக்காரு."

பெட்டி எடுக்கிற வரைக்கும் அவ பக்கத்துல உக்காந்திருந்தேன். வரும்போது ஷீட்டை அவுத்துகினு வரலை.

நாளைக்கு அந்த வூட்ல அடுப்பு எரியாது. கஞ்சி காய்ச்சி எடுத்துகினு போவணும். யாராவது கேட்டா, ஷீட்டைத் திருப்பி வாங்க வந்தேன்னு சொல்லிக்கலாம்.