பிரெஞ்சில் கேட்ட லீவு

புதுச்சேரி
செப்டம்பர் 1987

அன்பு மகள் செவ்வந்திக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரன் கவியரசனும் சுகமா? உன் கால் வீக்கம் வடிந்ததா?

ஒரு சேதி கேள். அஞ்சாம் வகுப்போடு நின்ற உன் அம்மா பிரெஞ்சில் லீவு வாங்கிவிட்டாள்! நான் சமைக்கும் வீட்டுத் துரைசானியம்மா, ‘போறேன்’ என்பதற்கு ‘ழெ வே’ என்று சொல்லிக்கொடுத்தார். பொல்லாத சொல்! நான் போனால் ஒரு மாதிரி, நீங்கள் போனால் வேறு மாதிரி. எல்லாம் கற்றேன். ஆனால் வாசற்படியில் நின்று வெறுமனே ‘போறேன்’ என்று சொல்ல வாய் வருமா? மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் பிரெஞ்சில் ‘வரேன்’ என்றே சொன்னேன். அவர் நான் திரும்பிவிட்டதாக நினைத்துக் காலிக் கூடையைப் பார்த்து முழித்தார்.

நேற்று உன் பிரசவத்தைச் சொல்லி, சரியாக ‘ழெ வே’ என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. முந்தைய சமையல்காரி அப்படிச் சொல்லிப் போனவள் திரும்பவே இல்லையாம்.

“எங்க ஊர்ல போறேன்னு மட்டும் சொல்ல மாட்டோங்கம்மா, போயிட்டு வரேன்னுதாங்க” என்று சொல்லி, பிரெஞ்சில் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன்.

சிரித்துவிட்டார். “ஒரு மாசம் இருந்து வா, பெரியநாயகி” என்றார், தமிழில்!

சாலை மறியலில் வழியெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருப்பதால் பஸ் இல்லை. பயப்படாதே, வழி விட்டதும் முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன். மலைச் சாமை கிடைத்தால் வாங்கி வை. தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்று நாக்கு செத்துவிட்டது. ஆயா பிரெஞ்சு பேசுகிறாள் என்று பேரனிடம் சொல்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. நான் வரும்வரை வயிற்றுப் பிள்ளையைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்.

உன் அம்மா,
பெரியநாயகி